பெருவிரலை மடக்கிய கைகள்

இயன்மருத்துவராகப் புதிதாக நியமனம் பெற்ற உங்களோடு கதைக்க வரச்சொல்லி அழைத்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. இன்றைய கருவிகளில் பாதியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. நல்ல காலம், தேத்தண்ணீர் இடைவேளையில் ஒரு தங்கச்சி வந்து, எனக்குப் பதில் தெரிந்த ஒரு கேள்வியைக் கேட்டாள். “மிஸ், வாற ஆக்கள் எல்லாரும் ஒண்டைத்தான் கேக்கினம். அரசாங்கத் துண்டோட போனாக் காசில்லாமல் செய்யிற பிசியோ தங்கடை வீட்டுக்குக் கிட்ட ஆரும் இருக்கினமோ எண்டு. நான் என்ன சொல்லுறது?” நான் தொடங்கியதும் மணி அடித்துவிட்டது. மீதியை எழுதித் தருகிறேன்.

எங்கள் காலத்திலும் அதே கேள்விதான். வைத்தியர் பார்த்துவிட்டு, இன்னாருக்கு இன்ன முறிவு, பயிற்சி கொடுக்கவும் என்று எழுதி எங்களிடம் அனுப்பும் கடதாசியைத்தான் சனம் துண்டு என்று சொல்லும். அதன் பின்பக்கத்தில் நாங்கள் எழுதுவோம். துண்டு நோயாளியின் கையிலேயே இருக்கும். அது கையில் இருந்தால் ஒரு சதமும் தேவையில்லை. ஆனால் அந்தக் கடதாசி செல்லுபடியான இடம், எனக்குத் தெரிந்தவரை, பட்டினப் பக்கத்து அரசாங்க ஆசுபத்திரி ஒன்றில் எங்களுடைய ஓர் அறைதான். அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர். கடதாசியில் எங்கள் பெயர் இயன்மருத்துவர். சனம் வைத்த பெயர் எக்சசைஸ் மிஸ்ஸி, எக்சசைஸ் ஐயா.

ஊசி போட்டுக்கொண்டு போகிற வருத்தமென்றால் ஒரு நாள் அலைச்சலோடு முடிந்துவிடும். எங்களிடம் வருபவர் கிழமைக்கு மூன்று நாளாக ஆறு கிழமை வரவேண்டும். பண்டத்தரிப்பு மாதிரி ஓர் ஊரிலிருந்து வருவதென்றால் பத்துக் கட்டை, பத்து மைல். மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடிய பஸ் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. கை முறிந்தவர் சைக்கிள் ஓடமுடியாது, ஆகவே ஓடுவதற்கு இன்னொருவர் தன் வேலையை விட்டுவிட்டு வரவேண்டும். துண்டு இலவசம்தான், வந்துபோவதுதான் இலவசமில்லை. இதெல்லாம் எனக்கு இப்போது விளங்குகிற மாதிரி அப்போது விளங்கவில்லை. “கிட்டடியில ஆரும் இருக்கினமோ, மிஸ்ஸி?” என்று கேட்பவர்களுக்கு, “இல்லை, இஞ்சைதான் வரவேணும்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவேன்.

எனக்கு ஆசுபத்திரியில் ‘சுடுதண்ணி’ என்று ஒரு பட்டம் இருந்தது. ஒத்தடம் கொடுப்பதால் வந்த பெயர் என்று கனகாலமாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் வாயால் வந்த பெயர் என்பதைச் சமையல் பகுதி ஆள் ஒருவர் பிறகு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்று தடவை தொடர்ந்து வராவிட்டால் பதிவுக் கொப்பியில் பெயரை வெட்டலாம் என்று ஒரு நடைமுறை இருந்தது. வெட்டுவதற்கு ஒரு சிவப்புப் பேனை. வாங்குகளில் குந்தியபடி நாற்பது பேர் காத்திருக்கையில் ஒரு பெயர் குறைவது நல்லதுதானே. சோம்பேறிகள், எண்ணெய் பூசுகிற நாட்டுவைத்தியரிடம் போயிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டு நான் வெட்டுவேன். கொஞ்சம் திருப்தியோடுதான் வெட்டினேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த ஐயா என்னைப் போலில்லை. குரலை உயர்த்தாத மனிதர். நான் சேர்ந்த முதற் கிழமையிலேயே ஒரு பாடம் சொல்லித் தந்தார். “செய்தனீங்களோ எண்டு கேக்காதை. எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவினம். செய்து காட்டச் சொல்லு.” அந்த ஒரு வார்த்தை என் நாக்கில் ஒட்டிவிட்டது. வணக்கத்துக்குப் பதிலாகவே “செய்து காட்டுங்கோ” என்று சொல்லுகிற அளவுக்குப் போய்விட்டேன்.

தொண்ணூற்றொன்றோ தொண்ணூற்றிரண்டோ, நினைவில்லை. சண்டையால் கரண்ட் இல்லாத காலம். வெங்காயம் விற்கும் ஓர் அம்மா தன் தமையனின் காலுக்காக அவரோடு வந்திருந்தா. முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மணிக்கட்டு முறிந்து, பிளாஸ்டர் வெட்டியபின் என்னிடம் இரண்டு நாள் வந்து காணாமற்போனவ. சிவப்புப் பேனையால் வெட்டிய பெயர். அந்தக் கையால் இப்போது பத்து றாத்தல் பையைத் தூக்கி வாங்கில் வைத்தா. எனக்குச் சந்தோசம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. “செய்து காட்டுங்கோ” என்றேன்.

செய்து காட்டினா. மணிக்கட்டு மேலே, கீழே, பக்கத்துக்கு, வட்டமாக, எல்லாம் நான் பழக்குகிற ஒழுங்கிலேயே இருந்தது. ஒன்றுதான் வித்தியாசம். பெருவிரலை உள்ளே மடக்கி, மற்ற நாலு விரலாலும் மூடிக்கொண்டு செய்தா. ஏன் மடக்குகிறீங்கள் என்று கேட்டேன். அப்படித்தானே செய்யவேண்டும் என்றா. ஆர் பழக்கினது என்றேன். சும்மா வீட்டிலதான் என்று சொல்லிவிட்டுத் தமையனின் காலைக் காட்டத் தொடங்கிவிட்டா.

அடுத்த மாதம் ஒரு மேசன், அதற்கடுத்து ஒரு வாத்தியார். இரண்டு பேரும் நான் வெட்டிய பெயர்கள், வேறு வேறு அலுவலாக வந்தவர்கள், கை நன்றாகச் சுகப்பட்டவர்கள். இரண்டு பேருக்கும் பெருவிரல் உள்ளே. வாத்தியாரிடம் கொஞ்சம் கெஞ்சிக்கூடக் கேட்டுப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு மணிக்கணக்கில் படிப்பிக்கிறவர், என் கேள்விக்கு வானிலையைப் பற்றிக் கதைத்தார். பழைய கொப்பிகளைப் புரட்டினேன். மூன்று பேரின் விலாசமும் பண்டத்தரிப்புப் பக்கம்.

அதற்குப் பிறகு எனக்கு வேறு நினைவே இல்லை. வீட்டில் சோறு வடிக்கும்போதும் பெருவிரலை மடக்கி மடக்கிப் பார்த்தேன். புத்தகங்களில் தேடினேன், அப்படி ஒரு முறை இல்லை. யாரோ வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து ஒளித்திருந்து செய்கிறாரோ, அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாதோ என்று பொறாமையும் வந்தது. ஐயாவிடம் சொன்னேன். அவரும் மேசைக்குப் பின்னால் இருந்து தன் கையை மடக்கிச் சுழற்றிப் பார்த்தார். “மணிக்கட்டு முறிஞ்ச ஆளுக்கு இதாலை லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆனா ஆரோ ஒருத்தர் பழக்கியிருக்கிறார்” என்றார். அவருக்கும் அது ஆர் என்று அறிய ஆசை இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

அந்த நாட்களில்தான் பரமேஸ்வரி வந்தாள். முப்பது வயதிருக்கும், தையல்காரி. கணவன் வெளிநாடு போய் இரண்டு வருடமாகக் கடிதமில்லை. இரண்டு பெண்பிள்ளைகள். பள்ளிக்கூடச் சட்டை வெட்டித் தைத்துத்தான் வீடு ஓடியது. பொழுதுபடுமுன் லாம்புச் சிமினியைத் துடைக்க உள்ளே கையை விட்டிருக்கிறாள், கண்ணாடி உடைந்து வலதுகைப் பெருவிரலின் பின்பக்கத்தை வெட்டிவிட்டது. விரலை நிமிர்த்தும் நாண் துண்டாகிவிட்டது. சனம் அதை நரம்பு என்று சொல்லும். சத்திரசிகிச்சை வைத்தியர் அதைப் பொருத்தித் தைத்து, விரலை நிமிர்த்திப் பிடிக்க ஒரு பிளாஸ்டர் மட்டையும் வைத்து, நாலு கிழமை கழித்து எங்களிடம் அனுப்பினார்.

ஒரு கத்தரிக்கோலை எடுத்துப் பாருங்கள். அதை மூடுவது சுலபம். திறக்கவேண்டுமென்றால் பெருவிரல் நிமிரவேண்டும். தைத்த நாண் அறுந்தால் பரமேஸ்வரியால் கத்தரியைத் திறக்க முடியாது. அது நன்றாக ஒட்டுவதற்கு இன்னும் மூன்று கிழமை அந்த விரலை மடக்கவே கூடாது. மட்டையைக் கழற்றி, என் கண் முன்னால், விரலை மேலே தூக்கிப் பழகலாம். அவ்வளவுதான்.

இதை நான் துண்டின் பின்பக்கத்தில் எழுதினேன். எப்படி எழுதினேன் தெரியுமா? ஆங்கிலத்தில், அந்த நாணின் பெயரின் முதலெழுத்துகள் மூன்று, மடக்கலாகாது என்பதற்கு ஒரு குறி, கீழே இரண்டு கோடு. ஐயா பார்த்தால் ஒரு நொடியில் விளங்கும். பரமேஸ்வரியிடம் வாயால் சொன்னது, “கவனம், கழட்டிப்போட்டு விளையாடாதேங்கோ” என்பது மட்டும். வாங்கில் நாற்பது பேர். போகும்போது கதவடியில் நின்று அவளும் அந்தக் கேள்வியைக் கேட்டாள். இல்லை, இங்கேதான் வரவேண்டும் என்று நானும் அந்தப் பதிலைச் சொன்னேன்.

இரண்டு நாள் வந்தாள், அயல்வீட்டுக்காரரின் சைக்கிள் கரியரில் இருந்துகொண்டு. பிறகு ஒரு நாள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாவது நாள் காலையில் நான் பேனையை எடுத்துக்கொண்டு கொப்பியைத் திறந்தேன். பரமேஸ்வரி, பண்டத்தரிப்பு. அந்த நேரம் பார்த்து, எதிரே இருந்த ஒரு கிழவர் கேட்காமலே தன் மணிக்கட்டைச் சுழற்றிக் காட்டினார். பெருவிரல் உள்ளே.

பேனையை மூடி வைத்தேன். இத்தனை மாதமாக நான் வேடிக்கையாகத் தேடிக்கொண்டிருந்த அந்த ஆளிடம்தான் அவளும் போயிருப்பாள். அவள் மடக்குவாள். மற்றவர்களுக்கு லாபமும் நட்டமும் இல்லாத அந்த மடிப்பு, அந்த ஒரு விரலை மட்டும் முடித்துவிடும்.

ஐயாவிடம் ஓடினேன். நான் சொல்லி முடிக்குமுன்பே எழும்பிவிட்டார். வாங்குகளைக் காட்டி, இவ்வளவு பேரையும் என்ன செய்வது என்று கேட்டேன். “இவை பிந்தினாக் கோவிப்பினம். அவ பிந்தினாக் கை போயிடும். நீ வெளிக்கிடு” என்றார். அன்று முழுவதும் அவர் தனியாகவே நாற்பது பேரையும் பார்த்தார் என்று பிறகு அறிந்தேன். அவசரத்தில் எதை விடுவது என்று தெரியாமல் நிற்கும்போதெல்லாம் எனக்கு இந்த வார்த்தைதான் நினைவுக்கு வரும்.

பத்துக் கட்டை மிதித்தேன். வழியில் ஒரு தரம் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டு, சுடுமோ என்று வேலியோரம் இறங்கி நின்றேன், அது வேறு பக்கம் போய்விட்டது. பரமேஸ்வரியின் விலாசத்தில் ஊர் மட்டும்தான் இருந்தது, ஒழுங்கையின் பெயர் இல்லை. ஆகவே அவளைத் தேடுவதைவிட அந்த ஆளைத் தேடுவது சுலபம் என்று நினைத்தேன். பண்டத்தரிப்பில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இறங்கி, ஆசுபத்திரிக் குரலிலேயே, “இஞ்சை எக்சசைஸ் செய்யிற ஆள் ஆர்?” என்று கேட்டேன். அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்றார் முதலாளி. வெளியே வாங்கில் இருந்தவரைக் கேட்டேன், அவருக்கும் தெரியாதாம். சொல்லும்போதே அவர் தன் மணிக்கட்டை மற்றக் கையால் மூடிக்கொண்டார்.

வெள்ளைச் சீலையும் அதட்டலுமாக, அந்த ஆளைப் பிடிக்க வந்தவள் என்று நினைத்துவிட்டார்கள். இந்தக் குரலில் கேட்டால் ஒருவரும் சொல்லமாட்டார்கள். கொஞ்சத் தூரம் உருட்டிக்கொண்டு போய், கைலேஞ்சியை எடுத்து என் மணிக்கட்டில் கட்டினேன். பையில் இருந்த வெறுந்துண்டு ஒன்றில் என் பெயரையே எழுதினேன். கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்ற பெண்ணிடம் போய், எங்கள் நோயாளிகள் கேட்கிற மாதிரியே மெல்லக் கேட்டேன். “அக்கா, கை ஏலாமல் கிடக்கு. கிட்டடியில ஆரும் இருக்கினமோ?”

“துண்டு இருக்கோ?” என்றா அவ. நீட்டினேன். அதை வாசிக்கவில்லை, கடதாசியின் நிறத்தை மட்டும் பார்த்தா. “அப்பச் சரி. துண்டில்லாட்டி அவர் தொடமாட்டார். உதாலை போய், மிசின் திருத்திற கொட்டில். காசு குடுக்காதேங்கோ, கோவிப்பார்.”

அந்த மணித்துளியில் எனக்கு வந்த வெட்கத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. துண்டை ஏற்றுக் காசில்லாமல் செய்கிற ஆள் கிட்டடியில் இருக்கிறார். ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. தெரியாதவள் நான் ஒருத்திதான்.

தண்ணீர் இறைக்கும் மிசின்கள் திருத்துகிற ஓலைக்கொட்டில் அது. எண்ணெய் இல்லாமல் மிசின்கள் வரிசையாகப் படுத்திருந்தன. கூரை வளையில் ஒரு கப்பி, அதில் ஒரு கயிறு. தோள் ஏலாத ஒருவர் கயிற்றின் இரண்டு நுனியையும் பிடித்து மாறி மாறி இழுத்துக்கொண்டிருந்தார், எங்கள் அறையில் செய்கிற மாதிரியே. தரையில் விரித்த சாக்குகளில் ஐந்தாறு பேர் முழங்கையை மடியில் ஊன்றி மணிக்கட்டைச் சுழற்றினார்கள். அவர்களுக்கு முன்னால், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் தன் வலதுகையை உயர்த்திச் செய்துகாட்டினார். அந்தக் கையில் பெருவிரல் இல்லை.

சாக்கில் இருந்தவர்கள் அந்தக் கையைப் பார்த்தார்கள், தங்கள் கையைப் பார்த்தார்கள், அதில் கூடுதலாக இருந்த பெருவிரலை உள்ளே ஒளித்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

அவர் திரும்பினார். தம்பிராசா. ஆறேழு வருடத்துக்கு முந்தி மிசின் பெல்ற்றில் கை அகப்பட்டு, பெருவிரல் போய், மணிக்கட்டும் முறிந்து என்னிடம் வந்தவர். ஆறு கிழமையும் ஒரு நாள் தவறாமல் வந்தவர். “வாங்கோ மிஸ்ஸி” என்று, நாலைந்து வருடமாக என்னை எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர் மாதிரிச் சொன்னார்.

ஆரைக் கேட்டு இதைச் செய்கிறீர் என்று என் வாய் தன் வழக்கப்படி கேட்டது.

“மிஸ்ஸிதானே சொன்னனீங்கள். கிட்டடியில ஆரும் இருக்கினமோ எண்டு கேட்டன். ஒருத்தரும் இல்லை, நீரே வடிவாப் பழகிக்கொண்டு போய் உம்மடை ஊரிலை செய்யும் எண்டனீங்கள். அதுக்குத்தான் ஒரு நாளும் விடாமல் வந்து, மற்ற ஆக்களுக்குச் செய்யிறதையும் பாத்துப் பழகினனான்.”

சொல்லியிருப்பேன். எரிச்சலில் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். அந்த மனிதர் அதை ஒரு நியமனமாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். பெருவிரலை ஏன் மடக்கச் சொன்னீர் என்று கேட்டேன். “நான் சொல்லேல்லை. வாற ஆக்கள் எல்லாரும் மடக்கினம். ஆசுபத்திரியிலை அப்பிடிப் பழக்கியிருக்கினமாக்கும் எண்டு நான் விட்டிட்டன்” என்றார். இரண்டு பக்கமும் மற்றவருக்குத்தான் தெரியும் என்று நம்பிக்கொண்டு ஓர் ஊரே பெருவிரலை மடக்கியிருக்கிறது.

பரமேஸ்வரி என்ற பெயரைச் சொன்னேன். முந்தநாள் வந்ததாகச் சொன்னார். ஆனால் அவர் கையைத் தொடவில்லையாம். துண்டை வாங்கிப் பார்த்திருக்கிறார், ஆங்கிலம். ஒன்றும் விளங்கவில்லை, இரண்டு கோடு மட்டும் விளங்கியிருக்கிறது. “ரெண்டு கோடு போட்டிருந்தா ஏதோ கவனிக்கவேண்டிய அலுவல். ஆசுபத்திரியிலை கேட்டுக்கொண்டு வா பிள்ளை எண்டு அனுப்பிப்போட்டன்” என்றார். நான் மூச்சு விடுவதற்குள், “ஆனா அந்தப் பிள்ளை அரைமணித்தியாலம் உந்தச் சாக்கிலை இருந்து மற்றவை செய்யிறதைப் பாத்துக்கொண்டிருந்தது” என்றும் சொன்னார்.

வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி. அவரும் கூட ஓடிவந்தார். பரமேஸ்வரி தையல்மிசினுக்கு முன்னால் இருந்தாள். பிளாஸ்டர் மட்டை மிசின் பலகையில் கிடந்தது. வலதுகை ஒரு சட்டி இளஞ்சூட்டுத் தண்ணீருக்குள். என்னைக் கண்டதும் அவளுக்கு முகமெல்லாம் சந்தோசம். கையைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள்.

“மிஸ்ஸி, வரேல்லை எண்டு கோவிக்காதேங்கோ. நான் வீட்டிலை துவங்கிட்டன். செய்து காட்டட்டோ?”

பிள்ளைகளே, எத்தனையோ வருடம் நான் ஆயிரம் பேரிடம் கேட்டது அதைத்தான். ஓம், காட்டுங்கோ என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது. அந்த ஒரு முறை காட்டுவதே அந்த நாணுக்குக் கடைசி முறையாக இருக்கலாம். “வேண்டாம்” என்றேன். ஓடிப்போய் அவள் கையை என் இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டேன். ஐயா தந்த பாடம் நல்ல பாடம். ஆனால் எந்த நல்ல பாடத்தையும் வாயில் போடுமுன் எதிரே இருக்கிற ஆளை ஒருக்கால் பார்க்கவேண்டும்.

எத்தனை தரம் மடக்கினீங்கள் என்று கேட்டேன். காலையில் இரண்டு தரமாம், பாதியளவு, நொந்ததால் விட்டுவிட்டாளாம். இன்னும் கொஞ்சம் ஊறினால் முழுக்க மடக்கலாம் என்றுதான் சுடுதண்ணீர். அவளுடைய கையை மெல்லப் பலகையில் விரித்து வைத்து, பெருவிரலை மட்டும் மேலே தூக்கச் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. தம்பிராசா வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொருக்கால் என்றேன். நகம் பலகையை விட்டு எழும்பியது, அரை விரற்கடை, நடுங்கிக்கொண்டு. நாண் பிடித்திருந்தது. நான் வாய்விட்டு அழுதேன். எனக்கு அழத் தெரியும் என்பது அங்கிருந்த இரண்டு பேருக்கும் புதினமாக இருந்திருக்கும்.

மட்டையைத் திரும்ப வைத்துக் கட்டிவிட்டு, அவளுடைய கத்தரிக்கோலை எடுத்து, எது அறுந்தது, எது தைக்கப்பட்டது, மடக்கினால் என்ன நடக்கும் என்று முதற்தடவையாகச் சொன்னேன். ஐந்து நிமிடம் எடுத்தது. கேட்டுக்கொண்டிருந்தவளின் முகம் மாறியது. “இதை அண்டைக்கே சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பனே?” என்றாள். அவளுக்குக் கோபம். வரவேண்டிய கோபம்தான்.

ஆசுபத்திரிக்குத் திரும்பி எல்லாவற்றையும் ஐயாவிடம் சொன்னேன். தம்பிராசா அனுமதியில்லாமல் செய்கிறார் என்று மேலே எழுதுவதா என்று கேட்டேன். விளங்காத துண்டை வைத்து அவர் என்ன செய்தார் என்று ஐயா கேட்டார். தொடவில்லை என்றேன். “படிச்ச ஆக்களிலையும் அப்பிடிச் செய்யிறவை குறைவு. விளங்கிற மாதிரி நாங்கள் எழுதுவம்” என்றார்.

அன்று தொடக்கம் துண்டின் பின்பக்கத்தில் தமிழில், கொட்டை எழுத்தில் எழுதினோம். செய்யக்கூடாதது முதல் வரி, செய்யவேண்டியது அதற்குக் கீழே. இரண்டு கிழமைக்கு ஒரு வியாழன் நான் அந்தக் கொட்டிலுக்குப் போய் எல்லாரையும் பார்த்துவிட்டு வருவேன். தம்பிராசாவை இடதுகையால் செய்துகாட்டச் சொன்னேன், அதில் பெருவிரல் இருக்கிறதே என்று. அடுத்த முறை போனபோது வலதுகை முறிந்தவர்கள் எல்லாரும் இடதுகையால் செய்துகொண்டிருந்தார்கள். பழையபடியே விட்டுவிட்டோம். ஆபத்தானவர்களை மட்டும் என்னிடம் அனுப்புவார். கிட்டடியில ஆரும் இருக்கினமோ என்று கேட்டவர்களுக்கு, ஆளையும் வருத்தத்தையும் பார்த்து, ஓம் என்று சொல்லப் பழகிக்கொண்டேன். சிவப்புப் பேனை மை காய்ந்து போயிற்று. பரமேஸ்வரி மூன்று மாதத்தில் கத்தரியைத் திறந்தாள், முழுக்க அல்ல, துணி வெட்டப் போதுமான அளவுக்கு.

தொண்ணூற்றைந்தின் கடைசியில் எல்லாரும் சண்டையால் ஊரைவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தோம். உங்கள் அம்மா அப்பா சொல்லியிருப்பார்கள். அந்த நெரிசலில் நான் சைக்கிளோடு விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. ஆறு கிழமை கழித்து, ஒரு மரத்தடியில் மேசை போட்டிருந்த வைத்தியர் பிளாஸ்டரை வெட்டி எடுத்தார். கை விறகுக்கட்டை மாதிரி இருந்தது. என் கையை நானே பிடித்து வளைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. எல்லாம் தெரிந்தவள்தான், நோவு கண்டதும் கை தானாகப் பின்வாங்கியது. ஐயா எங்கே என்று தெரியாது. தண்ணீர் எடுக்க நின்ற வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம், வேறு வழியில்லாமல், அந்தக் கேள்வியை நான் கேட்டேன்.

ஏன் இல்லாமல் என்றா அவ. இடம்பெயர்ந்த சனம் இருக்கும் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பறையில் ஒரு தையல்கார அக்கா செய்கிறாவாம்.

போனேன். வாங்குகளைச் சுவரோடு அடுக்கி, பாய் விரித்து நாலைந்து பெண்கள் மணிக்கட்டைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லாருடைய பெருவிரலும் விறைத்து வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஒருத்தர்கூட மடக்கவில்லை. நடுவில் பரமேஸ்வரி. பழஞ்சீலை ஒன்றைக் குழந்தைச் சட்டைக்கு வெட்டிக்கொண்டே அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கத்தரியைப் போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். அவளுடைய முகம் தொழில் முகமாக மாறியது.

“துண்டு எங்கை, மிஸ்ஸி?”

பகிடி விடுகிறாள் என்று நினைத்தேன். பகிடியில்லை. மரத்தடி வைத்தியருக்கு எழுத நேரமிருக்கவில்லை, என்னிடம் துண்டு இல்லை. எனக்கே துண்டா என்று கேட்க வாயெடுத்துவிட்டு அடக்கிக்கொண்டேன். அவள் சட்டை அளவு வெட்டுகிற மண்ணிறக் கடதாசியில் ஒரு துண்டு கிழித்து, பென்சிலோடு நீட்டினாள். பாயில் இருந்து, வலதுகையால், தமிழில், கொட்டை எழுத்தில் எழுதினேன். முதல் வரியில் செய்யக்கூடாதது: பாரம் தூக்கவேண்டாம், பலவந்தமாக வளைக்கவேண்டாம். அடுத்த வரியில் செய்யவேண்டியது.

அவள் வாங்கி, எழுத்துக்கூட்டுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். பிறகு எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“சரி,” என்றாள். “கையைத் தாங்கோ. பெருவிரலை மடக்கவேண்டாம்.”